ரேடியோகார்பன் நின்ற இடத்துக்குக் கீழே என்ன செய்வது?

வாசகரின் கேள்வி சுருக்கமாக இது: ஆழ்கடலில் எடுத்த நாலரை மீட்டர் வண்டல் கோர் (கடலடியில் குழாய் இறக்கி எடுத்த உருளை மாதிரி) ஒன்று கையில் இருக்கிறது. 120 செ.மீ. ஆழத்தில் ரேடியோகார்பன் வயது 40,000 ஆண்டு. அதற்குக் கீழே ஒன்றும் பிடிபடவில்லை. ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் கடலுயிர்களின் ஓடுகளில் உள்ள அமினோ அமிலங்களை வைத்து மீதிக்கு வயது போட முடியுமா, கலவையாகக் கிடக்கும் ஓடுகளை அப்படியே பொடித்து ஆய்வகத்துக்கு அனுப்பலாமா, அல்லது ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பு பக்கம் போய்விடலாமா?

முடியும். ஆனால் தயவுசெய்து பொடித்து அனுப்பாதீர்கள்.

ரேடியோகார்பன் நின்றதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. அதன் அரைவாழ்வு 5,730 ஆண்டு. 50,000 ஆண்டு கழிந்தால் முதலில் இருந்ததில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பங்குதான் மிச்சம், துளி புதுக் கார்பன் ஒட்டினாலும் வயது சரிந்துவிடும். அமினோ அமிலம் வேறு வகை. அதற்கு இடக்கை வலக்கைபோல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு. உயிரோடு இருக்கும் ஃபோராமினிஃபெராவின் புரதத்தில் அவை ஏறக்குறைய எல்லாமே எல் வடிவம், அதாவது இடக்கை. செத்த பிறகு ஓட்டின் கால்சைட் படிகங்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும் இந்த மூலக்கூறுகள் மெல்ல மெல்ல டி வடிவத்துக்கு, வலக்கைக்கு, மாறுகின்றன. இரண்டும் சமமாகும்வரை இது நடக்கும். ஆகவே டி/எல் விகிதம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் தொடங்கி 1-ஐ நோக்கி ஏறும். அஸ்பார்டிக் அமிலம் வேகமாக மாறும், குளுட்டாமிக் நிதானமாக மாறும், அதனால் இரண்டையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். ஒரு மாதிரியில் இரண்டும் வேறு வேறு கதை சொன்னால் அந்த மாதிரியில் ஏதோ கோளாறு.

இந்தக் கடிகாரத்தை ஓட்டுவது வெப்பநிலை. கடலடி நீர் 2, 3 டிகிரியில் பல்லாயிரம் ஆண்டுகள் பெரிதாக மாறாமல் கிடப்பதால்தான் ஆழ்கடல் வண்டலில் இது வேலை செய்கிறது. அந்தக் குளிரில் ஒரு டிகிரி தவறாக எடுத்துக்கொண்டாலே வயது தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப்போகும். நிலத்தில் கிடைக்கும் எலும்பில் இதைச் செய்து பட்ட அவமானம் உண்டு: கலிபோர்னியாவில் கிடைத்த மனித எலும்புகளுக்கு 1970களில் இந்த முறையில் 48,000 ஆண்டு என்றெல்லாம் போட்டார்கள், பிற்பாடு ரேடியோகார்பனில் பார்த்தபோது சில ஆயிரம் ஆண்டுதான். எலும்பு ஈரத்தையும் கிருமியையும் உள்ளே விடும், ஃபோராம் ஓடு அந்த அளவுக்கு விடாது. அது நமக்குச் சாதகம்தான், ஆனாலும் பாடம் பாடம்தான்.

சரி, இப்போது நான் உங்களைக் கேட்க வேண்டிய கேள்வி: மாதிரிகளை எப்படி உலர்த்தினீர்கள்? ஈரப்பதம் பார்க்க 105 டிகிரி அடுப்பில் ஒரு ராத்திரி வைத்தவை என்றால் அவற்றை ஒதுக்கிவிடுங்கள். வழக்கமான வினைவேகக் கணக்கைப் போட்டால் அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் என்பது கடலடியில் ஏறக்குறைய நூறு ஆண்டுக்குச் சமம் (உலர்ந்த ஓட்டில் கொஞ்சம் குறையலாம், அதை நம்பிக் காரியத்தில் இறங்க வேண்டாம்). குளிர்பதன அறையில் இருக்கும் கோரின் மற்ற பாதியிலிருந்து புதிதாக வெட்டி, அலசி, சாதாரண அறை வெப்பத்திலேயே காயவிடுங்கள்.

பொடிக்க வேண்டாம் என்றது ஏன் என்றால், ஒவ்வொரு இனமும் தன் தன் வேகத்தில் மாறும். ஒரு மட்டத்தில் ஒரு இனம் அதிகம், அடுத்த மட்டத்தில் இன்னொன்று அதிகம் என்றால் நீங்கள் அளப்பது காலத்தை அல்ல, இனக் கலவையை. உங்கள் கோரில் மேலிருந்து கீழ்வரை தொடர்ந்து கிடைக்கும் ஒரே இனத்தைத் தேர்ந்தெடுங்கள். வெப்பக் கடல் என்றால் புல்லெனியாட்டினா ஆப்லிகிலோகுலேட்டா நல்ல தேர்வு, தடித்த ஓடு, பளபளவென்று உருண்டையாக நுண்ணோக்கியில் சட்டென்று கண்ணில் படும். நனைத்த மெல்லிய தூரிகை நுனியில் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து, வாய்ப்பகுதியில் களிமண் அடைத்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, அடைத்திருந்தால் அல்ட்ராசோனிக்கில் சில நொடி போட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளிப்புற அழுக்கை எரித்துவிட்டுத்தான் அமிலத்தில் போடுவார்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், விரலில் இருக்கும் அமினோ அமிலமே ஓட்டில் இருப்பதைவிட அதிகம். முடிவுத் தாளில் செரின் அளவைப் பாருங்கள்: அது சீக்கிரம் சிதைந்துபோகும் அமிலம், பழைய ஓட்டில் நிறைய இருந்தால் புது அழுக்கு கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு மட்டத்துக்கு ஐந்தாறு தனி மாதிரியாவது வையுங்கள், ஒன்றிரண்டு கட்டாயம் வழிதவறி வரும்.

அப்புறம் அளவுத்திருத்தம். டி/எல் தானாக ஆண்டு சொல்லாது. மேல் 120 செ.மீ.யில் ரேடியோகார்பன் உள்ள மட்டங்களில் அதே இனத்தின் டி/எல் எடுத்து வளைகோடு வரையுங்கள். வளைகோடு என்கிறேன், நேர்கோடு அல்ல: தொடக்கத்தில் வேகமாக ஏறிப் பிறகு தணியும், மேல்பகுதியை ஸ்கேல் வைத்து நீட்டினால் கீழே எல்லாம் உண்மையைவிட இளமையாக வரும். கீழே வயது தெரிந்த ஒரு மட்டத்தை முளையாக அடிக்க ஆக்சிஜன் ஐசோடோப்பு வேண்டும். உங்கள் படிவு வேகம் ஆயிரம் ஆண்டுக்கு 3 செ.மீ., அது மாறவில்லை என்று வைத்தால் 390 செ.மீ. சுமாரில் 1,30,000 ஆண்டு வருகிறது. பனியுகப் பனி உருகி, இரண்டு பனியுகங்களுக்கு நடுவிலான கடைசி வெப்ப இடைக்காலம் தொடங்கிய எல்லை அதுதான், ஓடுகளில் ஆக்சிஜன்-18 சட்டென்று குறைவதை அங்கே தேடுங்கள். கிடைத்துவிட்டால் டி/எல் நடுவில் உள்ள 2.7 மீட்டரை நிரப்பும். புழுக்கள் மேல்மண்ணைப் பத்து செ.மீ. அளவுக்குக் கிளறியிருந்தால் ஒவ்வொரு மட்டத்திலும் மூவாயிரம் ஆண்டு கலந்திருக்கும், அதைவிட நுணுக்கமான வயதை எந்த முறையிலும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்ட்ரான்ஷியம்? கடல்நீரில் ஸ்ட்ரான்ஷியம் 87/86 விகிதம் கடந்த 4 கோடி ஆண்டுகளாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, பல லட்சம், கோடி ஆண்டுக் கணக்குக்கு அருமையான முறை. உங்கள் ஒன்றரை லட்சம் ஆண்டில் ஏறிய ஏற்றம் கருவியின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும், அந்தக் காசில் ஆக்சிஜன் பாருங்கள்.