கல்லில் இருக்கும் தங்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோலார் தங்கவயல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் தாத்தா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கல்லை மாவாக அரைத்து சைனைடு கரைசலில் போட்டால் தங்கம் வந்துவிடும் என்று அப்பா சொல்வார். போன வாரம் இங்கே ஒரு ஹோட்டலில் நடந்த முதலீட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டுச் சுரங்கத்தில் டன்னுக்கு 6 கிராம் தங்கம் இருக்கிறதாம். தாது ‘கொஞ்சம் ரிஃப்ராக்டரி’ என்று போகிற போக்கில் சொன்னார்கள். இன்னும் நைசாக அரைத்தால் சரியாகிவிடாதா?

ஒரு வாசகர், யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா சொன்னது கோலாருக்குச் சரி. அங்கே தங்கம் பெரும்பாலும் குவார்ட்ஸ் பாறையில் தனித் துகளாகக் கிடந்தது. 1887-இல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை பெற்ற சைனைடு முறை அந்த மாதிரி தாதுவுக்கு நன்றாகவே வேலை செய்யும்.

ரிஃப்ராக்டரி என்றால் சைனைடுக்கு எளிதில் மசியாத தாது. அதில் பல சமயம் தனித் துகளே இருக்காது. பைரைட், ஆர்சனோபைரைட் போன்ற கந்தகக் கனிமங்களுக்குள், பாலில் கரைந்த சர்க்கரை மாதிரி தங்கம் பரவியிருக்கும். எவ்வளவு அரைத்தாலும் ஒவ்வொரு துணுக்கும் அதை மூடிக்கொண்டே இருக்கும். சைனைடு உள்ளே நுழையாது. பாதித் தங்கம்கூடத் தேறாத தாதுக்கள் உண்டு.

ஆகவே கனிமத்தையே சிதைக்க வேண்டும். பழைய வழி வறுப்பது. கந்தகம் புகையாகப் போகும், கூடவே ஆர்சனிக்கும் கிளம்பும். கனடாவின் யெல்லோநைஃப் பக்கத்தில் ஜயன்ட் சுரங்கம் சுமார் அரை நூற்றாண்டு வறுத்ததில் மிஞ்சியது 237,000 டன் ஆர்சனிக் டிரையாக்சைடு தூள். தண்ணீரில் கரையும் விஷம். இன்றும் நிலத்தடி அறைகளில் கிடக்கிறது. சுற்றியுள்ள பாறையோடு சேர்த்து உறைய வைத்துவிடுவதுதான் அரசின் திட்டம். சுரங்கம் நடத்தியவர்கள் திவாலாகிவிட்டார்கள், செலவு மக்கள் தலையில்.

அப்புறம் ஆட்டோகிளேவ் என்ற மூடிய அழுத்தக் கலன் வந்தது: 200 டிகிரிக்கு மேல் சூடு, உயர் அழுத்தம், ஆக்சிஜன். விலை மிக அதிகம். எனக்குப் பிடித்தது பாக்டீரியாதான். தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986 முதல் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். இரும்பையும் கந்தகத்தையும் ஆக்சிஜனேற்றியே உயிர் வாழும் ஜீவன். சுமார் 40 டிகிரியில் சில நாள் விட்டால் பைரைட்டைச் சிதைத்துவிடும். ஆனால் நோஞ்சான், ஆலையின் சைனைடுத் தண்ணீர் தவறி அதன் தொட்டிக்குத் திரும்பி வந்தால் செத்துப்போகும்.

நமக்குப் பக்கத்திலேயே, மலேசியாவின் பகாங் மாநிலத்தில் கோலா லிப்பிஸ் அருகேயுள்ள பென்ஜோம் சுரங்கத்தில் தொல்லை வேறு. பாறையில் இருக்கும் கரிமப் பொருள், சைனைடில் கரைந்து வந்த தங்கத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வழக்கமாகத் தங்கத்தைப் பிடிக்கப் போடுவதும் கரிதான் என்பதால் இரண்டுக்கும் போட்டி. அதனால் அங்கே கரிக்குப் பதில் செயற்கைப் பிசின் மணிகளைப் போட்டுப் பிடித்தார்கள்.

ஆக, உங்களிடம் சொன்ன 6 கிராம் கல்லில் இருப்பது. கைக்கு வருவது எவ்வளவு என்று அவர்கள் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்: சோதனையில் எத்தனை சதவீதம் மீட்டார்கள், எந்த முறையில், அந்த ஆலைக்கு யார் பணம், ஆர்சனிக் எங்கே போகும். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லை என்பதாலேயே நல்லவர்கள் என்றாகிவிடாது. அதுவரை காசோலைப் புத்தகம் வீட்டிலேயே இருக்கட்டும்.