வலைப்பூவுக்கு நல்ல வார்ப்புரு எது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேர்ட்பிரஸில் ஒரு வலைப்பூ வைத்து, எங்கள் பகுதிக் கோயில் கல்வெட்டுகளைப் பற்றியும் பழைய தனிப்பாடல்களைப் பற்றியும் எழுதிவருகிறேன். மாதிரிப் பக்கத்தில் கண்ணைக் கவர்ந்த ஒரு வார்ப்புருவை (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் theme) நிறுவினேன். என் கட்டுரைகளை அதில் பார்த்தபோது அந்த அழகில் பாதிகூட இல்லை. குறை என் எழுத்திலா, வார்ப்புருவிலா? – ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: உங்கள் எழுத்தில் குறை இல்லை. மாதிரிப் பக்கத்தில் உங்களைக் கவர்ந்தவை பெரும்பாலும் அதில் வைத்திருந்த ஒளிப்படங்களும், இரண்டு மூன்று சொற்களில் முடிந்துவிடும் ஆங்கிலத் தலைப்புகளுமாக இருந்திருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, 'கங்கைகொண்டசோழபுரத்துக் கல்வெட்டுகளில் ஏரிப் பராமரிப்பு' என்ற தலைப்பை அதே கட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். முகப்பில் பக்கவாட்டில் மூன்று கட்டங்கள் போட்ட வார்ப்புருவில் அந்த முதல் சொல்லே கட்டத்தின் அகலத்தைத் தாண்டிவிடும். ஒன்று, அது அடுத்த கட்டத்தின் மேல் போய் விழும், அல்லது பொருளற்ற ஓர் இடத்தில் துண்டாகும். ஆகவே, நீண்ட சொற்களுக்கு இடம் கொடுக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

அடுத்தது வரி இடைவெளி. தமிழ் வார்ப்புரு பற்றிப் பேசுகையில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆங்கில எழுத்துக்குத் திட்டமிட்ட இடைவெளியில் தமிழை ஊற்றினால் வரிகள் ஒன்றையொன்று நெருக்கும். நம் எழுத்தில் மேலே புள்ளியும் 'கி', 'கீ' போன்றவற்றின் வளைவும் உண்டு. கீழே 'கூ', 'ழு', 'ஞு' போன்றவற்றின் சுழிகள் இறங்குகின்றன. உங்கள் கட்டுரையில் ஒரு பத்தியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மேல்வரியில் உள்ள 'ழு'வின் வால், கீழ்வரியில் உள்ள 'ர்' எழுத்தின் புள்ளியைத் தொடும் அளவுக்கு வந்திருந்தால், பத்து நிமிடம் படிப்பவரின் கண் சோர்ந்துவிடும். எழுத்தின் அளவைப் போல ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு வரி உயரம் வைத்தால் தமிழ் மூச்சு விடுகிறது. இந்த அளவை மாற்ற இடம் தராத வார்ப்புரு எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு உதவாது.

மேற்கோள் பகுதியைச் சாய்வெழுத்தில் காட்டுவது பல வார்ப்புருக்களின் வழக்கம். தமிழ் எழுத்துருக்களில் மிகப் பலவற்றுக்குச் சாய்வு வடிவமே கிடையாது. எனவே உலாவி நேரெழுத்தை அப்படியே இழுத்துச் சாய்க்கிறது. நீங்கள் ஒரு கல்வெட்டு வாசகத்தைப் பதினைந்து வரி எடுத்தாளும்போது அது முழுவதும் காற்றில் சாய்ந்த வேலிபோல நிற்கும். மேற்கோளைச் சாய்க்காமல், இடப்பக்கம் சற்று உள்தள்ளி மெல்லிய கோடு ஒன்றால் வேறுபடுத்தும் வார்ப்புருவே மேல்.

பாடல்கள் எழுதுகிறீர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்கு சீர் கொண்ட ஓர் அடி கைப்பேசித் திரையில் அடங்காமல் மூன்றாம் சீரோடு மடங்கினால், அடி அங்கேயே முடிந்துவிட்டதாகப் படிப்பவர் எண்ணுவார். வெண்பாவின் ஈற்றடிக்கே உரிய முச்சீர் அமைப்பு மற்ற அடிகளிலும் இருப்பதாகத் தோன்றி, யாப்பே கெட்டுப்போகும். பாடலுக்குத் தனியாகச் சிறிய எழுத்தளவு வைக்கவும், மடங்கிய பகுதியை உள்தள்ளிக் காட்டவும் வார்ப்புரு அனுமதிக்கிறதா என்று பாருங்கள்.

எழுத்துருவைப் பொறுத்தவரை, ஆங்கிலத்துக்கு மட்டும் எழுத்துரு குறித்திருக்கும் வார்ப்புருவில் தமிழ் அந்தந்தக் கருவியில் உள்ள எழுத்துருவில் தெரியும். அதில் தவறில்லை. ஆயினும் பக்கம் எங்கும் ஒரே முகத்தோடு இருக்க வேண்டுமென்றால் முக்தா மலர், கட்டமரன், நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருக்களில் ஒன்றைச் சேர்க்கலாம். சாதாரணம், தடிமன் என இரண்டு எடைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒவ்வோர் எடையும் பொதுவாகத் தனிக் கோப்பாகவே இறங்கும். கல்வெட்டில் வடமொழிப் பகுதிகளுக்கு வரும் கிரந்த எழுத்துகள், கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் 2014இல்தான் இடம்பெற்றன. அவற்றுக்குத் தனி எழுத்துரு தேவைப்படும்.

நிறங்களில் வெளிர்சாம்பல் எழுத்தைத் தவிர்த்துவிடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிவேறுபாடு வேண்டும் என்பது, பார்வைக் குறை உள்ளவர் உட்பட எல்லோரும் படிக்க உதவும் இணைய அணுக்க நெறிமுறை (WCAG) சாதாரண அளவு எழுத்துக்கு வகுத்திருக்கும் அளவு. உச்சிவெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று படிப்பவரையும், அறுபது வயதைக் கடந்தவரையும் நினைத்தால் அதைவிடக் கூடுதலாகவே வைக்கத் தோன்றும்.

கேள்வி: வார்ப்புருவை மாற்றினால் பழைய கட்டுரைகள் அழிந்துவிடுமா? – ஒரு வாசகர், திருநெல்வேலி.

பதில்: அழியாது. வேர்ட்பிரஸ் 2005இல் வெளியிட்ட 1.5ஆம் பதிப்பிலேயே தோற்றத்தைத் தனிக் கோப்புறையில் பிரித்து வைத்துவிட்டது. கட்டுரைகள் தரவுத்தளத்தில் இருப்பதால், வார்ப்புருவை மாற்றுவது வீட்டுக்கு வண்ணம் மாற்றுவது போலத்தான்.

ஆனால் சில வார்ப்புருக்கள் தோற்றத்தோடு நில்லாமல், படவரிசை, பொத்தான், பக்கவாட்டுப் பிரிப்பு ஆகியவற்றுக்குத் தமக்கென்று சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் குறுங்குறிகளை (shortcode) கொண்டுவந்து, அவற்றைக் கட்டுரைக்குள்ளேயே எழுத வைக்கின்றன. அந்த வார்ப்புருவை விட்டு வெளியேறும் நாளில் கட்டுரையெங்கும் சதுர அடைப்புக்குறிகளாகச் சிதறிக் கிடக்கும். ஒருமுறை என் நண்பர் ஒருவருக்கு அத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து துப்புரவு செய்து கொடுத்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. தோற்றத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, மற்ற வேலைகளைச் செருகுநிரல்களுக்கு (தனியாகச் சேர்க்கும் plugin) விட்டுவிடும் வார்ப்புருவே நெடுநாள் எழுதுபவருக்கு ஏற்றது.

பழைய பாணி வார்ப்புருவின் கோப்புகளில் நேரடியாகத் திருத்தம் செய்யாதீர்கள். அடுத்த புதுப்பிப்பில் அவை போய்விடும். அதற்கென்றே, மூல வார்ப்புருவைத் தொடாமல் உங்கள் திருத்தங்களைத் தனியாக வைக்கும் சேய் வார்ப்புரு (child theme) என்னும் ஏற்பாடு இருக்கிறது. 2022 ஜனவரியில் வந்த 5.9ஆம் பதிப்பு முதல் கிடைக்கும் தொகுதி வார்ப்புருக்களில் (பக்கத்தைத் துண்டு துண்டாக அடுக்கும் block theme), தளம் முழுவதன் தோற்றத்தையும் மாற்றும் தளத் திருத்தியில் செய்யும் மாற்றங்கள் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால் இந்தத் தொல்லை குறைவு.

கேள்வி: கட்டண வார்ப்புரு ஒன்று வேறொரு தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பயன்படுத்தலாமா? – ஒரு வாசகி, ஈரோடு.

பதில்: கூடாது. அத்தகைய படிகளில் மறைவான நிரல்வரிகள் செருகப்பட்டிருப்பது வழக்கமாக நடப்பது. உங்கள் தளம் உங்களுக்கே தெரியாமல் பிறருடைய விளம்பரங்களைச் சுமக்கும். வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வ அடைவில் உள்ள இலவச வார்ப்புருக்கள் பரிசீலனைக்குப் பின்னரே சேர்க்கப்படுகின்றன. அங்கே பொதுவாகக் கடைசிப் புதுப்பிப்பு எப்போது என்ற தேதியும் காட்டப்படும். ஓராண்டுக்கு மேல் கைவிடப்பட்டதை ஒதுக்கிவிடுங்கள். தேர்ந்த இரண்டு மூன்றை நேரலை முன்னோட்டத்தில், உங்கள் கட்டுரைகளில் மிக நீளமானதையும் படமே இல்லாததையும் திறந்து, விலை குறைந்த ஒரு கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்.