பிட் ஸ்டாப் தொடங்கியதும் யார் முன்னால் என்று புரியவில்லையா?

வணக்கம். ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் முதல் சில சுற்றுகள் புரிகின்றன, வண்டிகள் டயர் மாற்றப் பிட்டுக்குள் (தடத்தை ஒட்டி அணிகள் காத்திருக்கும் இடம்) போகத் தொடங்கியதும் உண்மையில் யார் முன்னால் என்றே தெரியவில்லை, இந்த சீசனைப் பாதியில் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டுவிடாதீர்கள்! ஃபார்முலா 1 பந்தயத்தின் ருசியே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

திரையோரப் பட்டியலில் இடத்தை விட வினாடி வித்தியாசத்தைக் கவனியுங்கள். டயர் மாற்ற இரண்டு, மூன்று வினாடிதான். ஆனால் பிட் பாதையில் வேகக் கட்டுப்பாடு இருப்பதால் பல தடங்களில் மொத்தம் 20 வினாடி போய்விடும். அதனால் இன்னும் பிட்டுக்குள் போகாத ஒருவர், போய் வந்தவரைவிட 12 வினாடி முன்னால் இருந்தால், கணக்குப்படி அவர் பின்னால்தான்.

அப்புறம் டயர் நிறம். சிவப்பு வேகமானது, சீக்கிரம் தேயும், வெள்ளை நீடித்து உழைக்கும், மஞ்சள் இடைப்பட்டது. மழையில்லாத பந்தயத்தில் குறைந்தது இரண்டு வகை பயன்படுத்தியாக வேண்டும்.

2019 ஹங்கேரி பந்தயத்தைத் தேடிப் பாருங்கள். ஓட்டுநர் ஹாமில்டன் இரண்டாம் முறை டயர் மாற்றி, போட்டியாளர் வெர்ஸ்டாப்பனுக்குச் சுமார் 20 வினாடி பின்னால் வந்தார். புது டயரில் சுற்றுக்குச் சுற்று இடைவெளியைத் தின்று, கடைசி நான்கு சுற்று இருக்கும்போது முந்தினார். எனக்கு இன்றும் அது சலிக்கவில்லை.

விபத்து போன்ற நேரத்தில் எல்லோரையும் மெதுவாக்க முன்னால் ஓடும் பாதுகாப்பு வண்டி வந்தால் இடைவெளியெல்லாம் சுருங்கிவிடும். அப்போது கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள்.