பப்பாளிக் கிரீமில் பூஞ்சை: பழக்கூழை விட்டுவிடுங்கள்

வணக்கம் சகோதரி. பழுத்த பப்பாளிக் கூழும் எலுமிச்சைச் சாறும் கலந்து செய்த கிரீம் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்ததாகவும், பூசிய இடம் எரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் பூசுவதை நிறுத்துங்கள். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 2 அளவில் இருக்கும்; நம் தோலுடையது 5 அளவில். எரியாமல் என்ன செய்யும்? போதாததற்கு, எலுமிச்சையில் உள்ள ஃபியூரோகூமரின்கள் என்னும் வேதிப்பொருள்கள் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் உண்டாக்கக்கூடும். சில நாள் வெயிலைத் தவிருங்கள். எரிச்சல் தணியாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பூஞ்சைக்குக் காரணம் கூழிலுள்ள நீரும் சர்க்கரையும். வைட்டமின் ஈ சேர்த்தேன் என்கிறீர்கள். அது எண்ணெயில் சிக்கு வாடை வராமல் காக்கும், கிருமியைத் தடுக்காது. புரதத்தைச் சிதைக்கும் பாப்பைன் நொதிக்காகத்தான் பப்பாளி என்றால், அது காயின் பாலில்தான் மிகுதி, பழத்தில் சொற்பம். கிளிசரினில் எடுத்த பப்பாளிச் சாரத்தை வாங்கி, விற்பவர் குறித்த அளவில், கிரீம் நன்றாக ஆறிய பிறகு சேருங்கள். கிருமி வளராமல் காக்க ஃபீனாக்ஸிஎத்தனால் போன்ற பதப்பொருள் கட்டாயம் வேண்டும். ஆனால் ஃபீனாக்ஸிஎத்தனால் கிரீமில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பப்பாளி வேண்டவே வேண்டாம்.

தோழிகளுக்குக் கொடுத்த டப்பாக்களை இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.