பறங்கியும் தத்துவ போதகரும்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் ஒரு ராஜஸ்தான் குடும்பம் பன்னிரண்டு வருடங்களாக இருக்கிறது. யாருக்கும் எந்த உறுத்தலும் இருந்ததில்லை. அந்த வீட்டுப் பெண் தமிழ் கற்று, மார்கழியில் புள்ளிக்கோலம் போட்டு, இந்த வருடம் மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுக்கவும் வந்தபோதுதான் முணுமுணுப்பு எழுந்தது. விலகியிருந்தவரை ஏற்றவர்கள், நெருங்கி வந்ததும் ஏன் மிரள்கிறார்கள்?

வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1606இல் இத்தாலியரான ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது, கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் ஏற்கெனவே அங்கே இருந்தார். இருவரும் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்தவர்கள். மதுரைக்கு பெர்னாண்டஸ் ஒரு பறங்கி, அதாவது ஐரோப்பிய அந்நியர், அவ்வளவுதான். நொபிலியோ காவி உடுத்தினார், புலாலை விட்டார், பூணூல் அணிந்தார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றுத் 'தத்துவ போதகர்' ஆனார்.

அவர்மேல் 1610இல் புகார் எழுதியவர் பெர்னாண்டஸ். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஞானஸ்நானம் பெற வந்தவர்களிடம் பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்றே கேட்டுவந்த காலம் அது. பறங்கியாகாமலே கிறிஸ்தவராகலாம் என்று ஒருவர் வாழ்ந்து காட்டினால், தன் உடையும் உணவும் வெறும் ஊர்வழக்கமாகச் சுருங்கிவிடுமே என்று அவர் பதறியிருக்க வேண்டும். வழக்கு ரோம்வரை போய், 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் நிபந்தனைகளுடன் அனுமதித்தார்.

பிறப்பால் வந்தது என்று நாம் நம்பும் ஒன்றை இன்னொருவர் கற்றே அடைந்துவிடும்போது நமக்குக் கால் நடுங்குகிறது. உங்கள் தெருவிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். கோலத்தைப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள், முளைப்பாரி அப்படியல்ல. பல ஊர்களில் அது தலைக்கட்டு வரி, அதாவது திருவிழாவுக்காகக் குடும்பவாரியாக வாங்கும் வரி, கொடுக்கும் குடும்பங்களின் உரிமை. யார் நம்மவர் என்ற கணக்கே அதில்தான் இருக்கிறது.

நொபிலியை நான் கொண்டாடவில்லை. ஒரு வேலியைத் தாண்டியவர் சாதி வேலியை அப்படியே தழுவிக்கொண்டார்; தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களிடமிருந்து ஒதுங்கியே வாழ்ந்தார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் யாரையும் ஒதுக்கிவிட்டு உள்ளே வரவில்லை. அதனாலேயே அவர் பக்கம் நிற்கிறேன்.

அடுத்த முறை முளை போடும் நாளில் உங்கள் வீட்டு வரியோடு அவர் வீட்டு வரியையும் வாங்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், மறுப்பவர் சொல்லும் காரணத்தை அப்படியே எனக்கு எழுதுங்கள்.