மாமரத்துக் கூட்டை யாருக்காகவும் திறந்து காட்டாதீர்கள்

கேள்வி: கோவை ஆனைகட்டிச் சாலையை ஒட்டி எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம் இருக்கிறது. மோட்டார் கொட்டகையின் ஓட்டின் மேல் சாய்ந்திருக்கும் மாமரக் கிளையில், தலையில் கொண்டையும் நீண்ட வெள்ளை வாலும் உடைய குருவி கூடு கட்டியிருக்கிறது. ஆனால் கூட்டில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது நீண்ட வால் இல்லாத பழுப்பு நிறப் பறவைதான். வேறொரு பறவை கூட்டைப் பிடித்துக்கொண்டதா? பருவமழை வலுக்கும் முன் அந்தக் கிளையை வெட்டிவிடலாமா? இதற்கிடையில் ‘நேச்சர் கைடு’ என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். படம் எடுப்பவர்களை அழைத்து வருவாராம், ஆளுக்கு ஆயிரம் ரூபாய் தருவாராம், கூட்டை மறைக்கும் இலைகளை மட்டும் விலக்கினால் போதுமாம், வனத்துறை அனுமதியையும் அவரே வாங்கித் தருவாராம். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ள வேண்டாம். கிளையையும் இப்போது தொட வேண்டாம். கூட்டில் இருக்கும் பழுப்பு நிறப் பறவை திருடியும் அல்ல, அந்நியமும் அல்ல. அதுவும் அரசவால் ஈபிடிப்பான்தான். இந்த மூன்று வரிகளோடு நிறுத்திவிடலாம். ஆனால் உங்களிடம் வந்தவரைப் போன்றவர்கள் அடுத்த வாரம் வேறு கதையோடு வருவார்கள் என்பதால், காரணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பறவையைப் பற்றி. அரசவால் ஈபிடிப்பானின் உடல் ஒரு கொண்டைக்குருவியின் அளவுதான் இருக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் கொண்டை உண்டு. வளர்ந்த ஆணுக்கு வாலின் நடு இறகுகள் இரண்டும் நாடாவைப் போல நீண்டு, சில சமயம் 30 சென்டிமீட்டர் வரை தொங்கும். ஆணின் நிறம் எல்லாவற்றிலும் ஒன்றாக இராது: சில ஆண்களுக்குக் கருநீலம் மின்னும் தலையும் மற்றபடி வெண்மையான உடலும் இருக்கும், சில ஆண்களுக்கு முதுகும் வாலும் செம்பழுப்பாக இருக்கும். பெண்ணுக்கு எப்போதும் செம்பழுப்பு முதுகு, சாம்பல் நிறத் தொண்டை, நாடா இல்லாத சிறிய வால். எனவே நீங்கள் பார்த்த ஜோடியில் வெள்ளைப் பறவை ஆண். பழுப்புப் பறவை பெரும்பாலும் அதன் துணை.

‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இளம் ஆண்களுக்கும் வால் குட்டையாகவும் உடல் செம்பழுப்பாகவும்தான் இருக்கும். நீண்ட வால் இரண்டாவது அல்லது மூன்றாவது ஆண்டில்தான் வளரும். தொண்டை கருப்பாகவும் கண்ணைச் சுற்றிய வளையம் நல்ல நீலமாகவும் இருந்தால் அது இளம் ஆண். உங்கள் கூட்டில் அது எதுவாக இருந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. இந்த இனத்தில் கூடு கட்டுவது, அடைகாப்பது, இரை ஊட்டுவது எல்லாவற்றையும் ஆணும் பெண்ணும் பங்கிட்டுச் செய்கின்றன. வெள்ளை ஆணும் முறை வைத்து வந்து அமரும். அப்போது கூட்டின் விளிம்பைத் தாண்டி அதன் வால் கீழே தொங்கிக்கொண்டிருப்பதைத் தள்ளி நின்றே பார்க்கலாம்.

இப்போது கிளைக்கு வருவோம். மெல்லிய கிளைகள் பிரியும் கவட்டில், நார்களையும் மெல்லிய புற்களையும் வைத்து, வெளிப்புறம் முழுவதும் சிலந்தி நூலாலும் சிலந்தி முட்டைப் பைகளாலும் பூசி, தேநீர்க் கோப்பை அளவுக்கு ஓர் ஆழமான கிண்ணத்தை இவை கட்டுகின்றன. அதில் மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும். அடைகாக்க 14 முதல் 16 நாள். குஞ்சுகள் கூட்டில் இருப்பது இன்னும் 9 முதல் 12 நாள். முட்டையிடத் தொடங்கியதிலிருந்து கூடு காலியாகும் வரை ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கூட்டில் அடைகாப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டதால், நீங்கள் பொறுக்க வேண்டியது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கொட்டகையின் ஓடு அதுவரை தாங்காது என்றால், கிளைக்கு அடியில் ஒரு முட்டுக்கம்பு கொடுங்கள். அல்லது ஓட்டின் மேல் ஒரு தார்ப்பாய் விரியுங்கள். மதிய வெயில் சற்றுத் தணிந்த பிறகு, பத்து நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிட்டு விலகிவிடுங்கள்.

உண்மையான ஆபத்து கிளையை வெட்டுவதில் இல்லை. அந்த ‘நேச்சர் கைடு’ சொன்ன ‘இலைகளை மட்டும் விலக்குவது’ என்பதில்தான் இருக்கிறது. கிளையை வெட்ட வேண்டாம் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. நாலு இலையை இழுத்து நூலால் கட்டினால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றுவதால்தான் நல்ல மனிதர்களும் இதில் ஏமாறுகிறார்கள். அந்த இலைகள் இரண்டு வேலை செய்கின்றன. ஒன்று, நிழல்: இறகு முளைக்காத குஞ்சால் தன் உடல் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது, மே மாத நடுப்பகல் வெயில் நேரே விழும் கூட்டில் அது சிறிது நேரத்தில் சுருண்டுவிடும். தாய் சிறகை விரித்து நிழல் கொடுக்க உட்கார்ந்தால், அவ்வளவு நேரமும் இரை தேடப் போக முடியாது. இரண்டு, மறைவு: காகம், வால்காக்கை, செண்பகம், அணில், சாரைப்பாம்பு, குரங்கு எல்லாமே முட்டையையும் குஞ்சையும் தேடித் திரிகின்றன. உங்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கூடு காகத்துக்கு அதைவிட நன்றாகத் தெரியும். மாலையில் நூலை அவிழ்த்து இலையைப் பழையபடி விட்டுவிடுவோம் என்று சமாதானம் சொல்வார்கள். பகலில் காகம் பார்த்துவிட்ட இடத்தை மாலையில் மறைத்து என்ன பயன்?

இதோடு நிற்பதில்லை. படம் எடுக்க வந்தவருக்கு வெள்ளை ஆண் கூட்டில் வந்து அமரும் காட்சி வேண்டும். அது சீக்கிரம் வரவில்லை என்றால், கைப்பேசியில் பதிந்து வைத்த குரலை ஒலிபெருக்கியில் போடுவார்கள். எல்லைக்குள் வேறோர் ஆண் நுழைந்துவிட்டது என்று நினைத்து, இந்த ஆண் இரை தேடுவதையும் அடைகாப்பதையும் விட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்து கத்தும். அதைத்தான் ‘நல்ல ஆக்‌ஷன் கிடைத்தது’ என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கூட்டில் எடுத்த படங்களைப் பல போட்டிகள் இன்று ஏற்பதே இல்லை என்பதும், அப்படிப்பட்ட படத்தைப் போட்டால் பறவை ஆர்வலர்களே கண்டிப்பார்கள் என்பதும் உங்களிடம் வந்தவருக்குத் தெரியாமல் இராது. அதனால்தான் இடத்தின் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று உங்களிடமே கேட்டுக்கொள்வார்.

‘அனுமதி வாங்கித் தருகிறேன்’ என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. நிலம் பட்டா நிலமா, வன நிலமா என்று அது பிரிப்பதில்லை. இச்சட்டத்தை மீறினால் பொதுவான தண்டனையே மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரணாலயத்துக்குள் படம் எடுக்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதி தரலாம் என்று 28ஆம் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் அங்கும் வாழிடத்தில் எந்த மாற்றமும் செய்யாமல், உயிரினங்களுக்குப் பாதிப்பில்லாமல் எடுக்க வேண்டும் என்பதே நிபந்தனை. சரணாலயத்தில் நுழைவதற்கான அந்தச் சீட்டைக் காட்டி, உங்கள் மாமரத்தில் இலையை விலக்க அனுமதி இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவர் உங்களை ஏமாற்றுகிறார். ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு இடம் கொடுத்தவர் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவர் எண்ணை மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

இதை ஒரு பக்கத்தில் எளிய தமிழில் அச்சிட்டு, மலையடிவார ஊராட்சிகளில் ஒட்டி வைக்க எத்தனை செலவாகும்? பட்டா நிலத்தில் கூடு இருந்தால் என்ன செய்வது என்று கேட்டு அலுவலகத்துக்குப் போகும் விவசாயியை, வருவாய்த் துறையிடம் கேளுங்கள் என்று ஒரு மேசையும், அந்தச் சரகம் எங்களுடையதல்ல என்று இன்னொரு மேசையும் திருப்பி அனுப்புகின்றன. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால், 2023 ஏப்ரல் முதல், உயிரினங்களை வகைப்படுத்தும் சட்டத்தின் ஆறு அட்டவணைகள் நான்காகிவிட்டன. பழைய அட்டவணை எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துபவர்களும், புதிய எண் தெரியாமல் விழிப்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். இந்த இடைவெளியில்தான் தரகர்கள் முளைக்கிறார்கள். தன்னை ‘நேச்சர் கைடு’ என்று சொல்லிக்கொள்ள ஒரு விசிட்டிங் கார்டு அடித்தால் போதும் என்ற நிலை இருக்கும் வரை, கேள்வி கேட்க வேண்டியவர் நிலத்துக்காரர்தான்.

கூட்டைக் கையால் தொடவே கூடாதா என்றால், ஒரே ஒரு சூழ்நிலை இருக்கிறது. அதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விதிவிலக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு, வெள்ளையடிக்க வேண்டும், விருந்தாளி வருகிறார், ஓடு ஒழுகுகிறது என்று கூடுகளை இடம் மாற்றுபவர்கள் உண்டு. சூறைக்காற்றில் கிளை முறிந்து கூடு தரையில் விழுந்துவிட்டது, அல்லது சாய்ந்து குஞ்சுகள் உருண்டுவிடும் நிலையில் தொங்குகிறது. குஞ்சுகள் உயிரோடு இருக்கின்றன. அப்போது மட்டும் நீங்கள் கை வைக்கலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. குஞ்சின் கத்தலே பெற்றோரை இழுத்துவிடும். அடியில் துளையிட்ட சிறிய ஓலைக்கூடை ஒன்றில் கூட்டை அப்படியே இறக்கி, குஞ்சுகளை அதில் வைத்து, அதே மரத்தில், பழைய இடத்துக்கு ஓரிரு மீட்டருக்குள், ஏறக்குறைய அதே உயரத்தில், இலை நிழலில் சணல் கயிற்றால் அசையாமல் கட்டுங்கள். தண்ணீரோ, பாலோ, ஊறவைத்த ரொட்டியோ புகட்டாதீர்கள். பிறகு நன்றாக விலகிப் போய், ஒரு மணி நேரமாவது பெற்றோர் திரும்புகின்றனவா என்று பாருங்கள். திரும்பிவிட்டால் அதோடு உங்கள் வேலை முடிந்தது. இரண்டு மணி நேரமாகியும் எதுவும் வரவில்லை என்றால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் வளர்க்க முயல வேண்டாம். குஞ்சு பொரிக்காத முட்டைகள் மட்டும் விழுந்திருந்தால் இத்தனை முயற்சிக்கும் பெரும்பாலும் பலன் இருக்காது. நீங்கள் கை வைத்த நேரத்தையும் முறிந்த கிளையையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது கேட்டால், நல்லெண்ணத்தை வாயால் சொல்வதைவிட அது உதவும்.

பறவையால் ஒரு வருமானமும் கூடாது என்று நான் சொல்லவில்லை. அரசவால் ஈபிடிப்பான் குளிப்பதில் விருப்பம் உள்ள பறவை. பிற்பகலில் தாழ்ந்த கிளையிலிருந்து தண்ணீரில் பாய்ந்து நனைந்து, மீண்டும் கிளைக்குப் போய்ச் சிறகைக் கோதும். தோட்டத்தின் நிழலான மூலையில், கூட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு விரற்கடை ஆழத்தில் ஓர் அகலமான தொட்டி அமைத்து, தினமும் தண்ணீர் மாற்றி வையுங்கள். கூடுகட்டும் காலம் முடிந்த பிறகு, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வருபவையும் சேரும்போது, சாக்குத் தட்டிக்குப் பின்னால் நாலு நாற்காலி போட்டு நீங்களே கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். குரல் ஒலிக்கக் கூடாது, தட்டியைத் தாண்டக் கூடாது என்று எழுதி மாட்டுங்கள். நடுவில் தரகர் தேவையில்லை.

கிளையைப் பொறுத்தவரை, குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறந்த பிறகும் சில நாள் பக்கத்துக் கிளைகளிலேயே உட்கார்ந்து பெற்றோரிடம் இரை வாங்கித் தின்னும் என்பதால், கூடு காலியான நாளிலிருந்து இன்னும் பத்து நாள் கழித்து ஆளை வரச்சொல்லுங்கள். ஓட்டின் மேல் சாய்ந்த பகுதியை மட்டும் கைரம்பத்தால் அறுக்கச் சொல்லுங்கள். அறுப்பதற்கு முன் மரம் முழுவதையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். பக்கத்தில் கரிச்சான் கூடு இருக்கக்கூடும். காகத்தையும் வல்லூறையும் துரத்தி அடிக்கும் கரிச்சானின் அருகில்தான் அரசவால் ஈபிடிப்பான் சில சமயம் இடம் பார்த்துக் கட்டுகிறது.