பாடல் வரிகள் தளத்தில் தமிழ்ப் பாட்டுகளை நாமே சேர்ப்பதால் பயன் உண்டா?

உண்டு, சேருங்கள். ஆனால் பேர் கிடைக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கேள்வியைப் பார்த்தால் ஏதோ ஒரு பழைய பாட்டைத் தேடியிருக்கிறீர்கள், வரிகள் தப்பும் தவறுமாகக் கிடைத்திருக்கின்றன, 'நாமே போட்டால் என்ன' என்று தோன்றியிருக்கிறது. நானும் அப்படித்தான் உள்ளே போனேன். ஆறு வருஷத்தில் 340 பாட்டு ஏற்றியிருக்கிறேன். பெரும்பாலும் 1950, 60-களின் படப் பாட்டுகள். பகலில் கணக்கு எழுதும் வேலை. இரவு சாப்பாடு முடிந்ததும் காதில் ஹெட்போன்.

கீழே ஒருவர் வந்து 'காப்புரிமை என்ன ஆச்சு' என்று கேட்பார். அவருக்கு முன்கூட்டியே பதில்: இங்கே சட்டப்படி பாடலாசிரியர் மறைந்த பிறகும் 60 வருஷம் உரிமை இருக்கிறது. 1959-ல் மறைந்த பட்டுக்கோட்டையாரின் வரிகளுக்கு அந்தக் கெடு 2019-ஓடு முடிந்தது. 1981-ல் மறைந்த கண்ணதாசனுக்கு 2041 முடிகிற வரை இருக்கிறது. ஆகையால் உரிமைக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கிற தளமாகப் பார்த்துச் சேருங்கள். நான் சேர்ந்தது அப்படிப்பட்டதுதான். பெயர் வேண்டாம்.

வேலை லேசானதல்ல. பல்லவி பத்து நிமிஷத்தில் வந்துவிடும். சரணத்தில்தான் முழி பிதுங்கும். அங்கே பாடகர் மூச்சு பிடித்து ஓடுவார், மேலே வயலின் கூட்டம் வந்து விழும். முக்கால் வேகத்தில் ஓடவிட்டு ஒரே நாலு விநாடியை இருபது தடவை கேட்டிருக்கிறேன். பிறகு ஒவ்வொரு வரியும் எந்த விநாடியில் ஆரம்பிக்கிறது என்று தட்டித் தட்டிக் குறிக்க வேண்டும். நாலு நிமிஷப் பாட்டுக்கு ஒரு மணி நேரம் போய்விடும்.

காது மட்டும் போதாது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பாட்டில் 'பரவை' என்று வருகிறது. கடல் என்று பொருள். நான் அப்படியே போட்டேன். மறுநாள் தளத்தின் திருத்துநர் ஒருவர் அதைப் 'பறவை' ஆக்கியிருந்தார். மாற்றினேன், திரும்ப மாற்றினார். முந்தின வரி 'இரவை' என்று தொடங்குகிறது, எதுகை பாருங்கள். அடுத்த வரியில் திரை என்று வருகிறது, பறவைக்கு ஏது அலை என்று விளக்கம் எழுதினேன். 'பரவை என்று ஒரு சொல் இல்லை, தட்டச்சுப் பிழை' என்று பதில் வந்தது. சொல் இல்லையாம்! சினிமாப் பாட்டில் ரகரமும் றகரமும் எதுகையாக வருவது சகஜம் என்று வாதாடுவீர்கள். சரி, வரட்டும். திரைக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

இதற்கெல்லாம் சாட்சி வீட்டிலேயே இருந்தது. அப்பா படம் பார்க்கப் போனால் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்காமல் வரமாட்டார். கதைச் சுருக்கம் பாதியில் நின்று 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியுமே, அந்த மெல்லிய புத்தகம்தான். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தார். அவர் போன பிறகு வெள்ளையடிக்கிற சாக்கில் அண்ணன் அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார். எடைக்கு. பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டார், அரிசி போட. கேட்டால் 'எல்லாம்தான் போனில் இருக்கே' என்கிறார். போனில் இருப்பது நான் ஏற்றியது, அண்ணா. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று தெரியும். ஆனாலும் பொங்கலுக்கு அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அரிசிப் பெட்டியைப் பார்க்க முடிவதில்லை.

பேர் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் கும்பகோணத்தில் சொந்தக்காரர் வீட்டு வரவேற்பு. மெல்லிசைக் குழு. பாடின பையனுக்கு இருபது வயசு இருக்கும். ஸ்டாண்டில் போனைச் செருகி வைத்து அதைப் பார்த்துப் பாடினான். நல்ல குரல். இரண்டாம் சரணத்தில் 'தளிர்க் கை' என்று வர வேண்டிய இடத்தில், கண்ணை மூடி உருகி, 'தயிர்க் கை' என்றான். பந்தியில் யாரும் நிமிரவில்லை. எனக்குத்தான் வியர்த்துவிட்டது. என்றோ ஒரு நாள் நள்ளிரவில் நான் 'தளி' என்று அடித்ததும் போன் தானாக முந்திக்கொண்டு போட்ட சொல் அது. வீட்டுக்கு வந்து தேடினேன். ஐந்து தளங்களில் அதே தயிர். பாட்டுக்கு யாரோ செய்த வீடியோவிலும், பூப்போட்ட பின்னணியில், தயிர்.

என் வேலையைத்தான் எல்லோரும் எடுத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் உறுதியாகத் தெரிந்தது. அமெரிக்காவில் ஜீனியஸ் என்ற பாடல் வரிகள் தளம் இதையே வேண்டுமென்று செய்தது. ஆங்கில வரிகளில் எழுத்துக்கு மேலே வருகிற ஒற்றைக் குறிகளில் (அப்பாஸ்ட்ரஃபி) சிலதை நேராகவும் சிலதை வளைத்தும் வைத்தது. அவற்றை மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டின் புள்ளி, கோடுகளாகப் படித்தால் 'ரெட் ஹேண்டட்', அதாவது கையும் களவுமாக, என்று வரும். அதே குறிகள் கூகுள் தேடலில் காட்டிய வரிகளிலும் இருக்கின்றன என்று 2019-ல் பகிரங்கமாகச் சொல்லி வழக்குப் போட்டார்கள். நிற்கவில்லை. வரிகளின் உரிமை உங்களிடம் இல்லையே என்று அடுத்த வருஷமே நீதிமன்றம் தள்ளியது. 2023-ல் உச்ச நீதிமன்றமும் மனுவை எடுக்க மறுத்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் சரிதான், எழுதினவர் வேறு யாரோ. கேட்டு எழுதினவனுக்கு எதுவும் கிடையாது. எனக்கு மோர்ஸ் எல்லாம் வேண்டியிருக்கவில்லை, தயிரே போதுமாயிருந்தது.

உடனே திருத்தம் போட்டேன். என் பாட்டு, என் பிழை, 'தயிர்' அல்ல 'தளிர்' என்று எழுதி அனுப்பினேன். மூன்று நாள் கழித்து பதில் வந்தது. 'மற்ற ஐந்து தளங்களிலும் தயிர் என்றே உள்ளது, திருத்தம் ஏற்கப்படவில்லை.'